27 பெட்டியா, 9 பெட்டியா: முற்றிய மார்பகப் புற்றுநோயின் புது மருந்துகள், மலையகத்துக் கணக்கில்

இலங்கை மலையகத்தில் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ பாமசிக்குப் போய், முற்றிய (உடலின் மற்ற இடங்களுக்கும் பரவிய) மார்பகப் புற்றுநோய்க்கான பல்போசிக்லிப் குளிசையின் விலை கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு பெட்டியின் விலையைத்தான் கேட்கிறார்கள். ஒரு பெட்டியில் 21 குளிசை. தினம் ஒன்றாக 21 நாள், பிறகு 7 நாள் ஓய்வு, ஆக 28 நாளுக்கு ஒரு பெட்டி. அந்தத் தொகையைச் சீட்டுப் பிடித்தோ நகையை அடகு வைத்தோ புரட்டிவிடலாம் என்று வீட்டார் துணிந்துவிடுகிறார்கள். ஐந்தாவது பெட்டிக்கு வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. மருந்து பாதியில் நிற்கும், கடன் மட்டும் நிற்காது.

கேட்க வேண்டியது 27 பெட்டியின் விலை. பல்போசிக்லிப்பை லெட்ரோசோல் என்ற ஹோர்மோன் குளிசையுடன் முதல் மருந்தாகக் கொடுத்துப் பார்த்த பலோமா-2 ஆய்வில், பாதிப் பெண்களுக்கு நோய் மறுபடி வளராமல் 24.8 மாதமாவது நின்றது. 28 நாள் சுற்றாகப் பிரித்தால் அது ஏறக்குறைய 27 பெட்டி. மருந்து நன்றாக வேலை செய்கிறது என்றால் இன்னும் பல பெட்டி வாங்கவேண்டி வரும். இந்தக் கணக்கைப் போடாமல் முதல் பெட்டியை வாங்கக் கூடாது.

இனி மருந்துகளுக்கு வருவோம்.

மார்பகப் புற்றுநோயில் பெரும்பங்கு ஹோர்மோன் ஏற்பி (புற்றுக்கலம் ஹோர்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) உள்ள, ஹெர்-2 என்ற வளர்ச்சி ஏற்பி இல்லாத வகை. அதற்கென்று வந்த புதிய குளிசைகள் மூன்று. பல்போசிக்லிப்புக்கு அமெரிக்காவில் 2015இலும், ரைபோசிக்லிப், அபெமாசிக்லிப் இரண்டுக்கும் 2017இலும் அனுமதி கிடைத்தது. மூன்றுமே புற்றுக்கலம் பிரிந்து பெருகுவதைத் தடுக்கின்றன. தனியாக அல்ல, லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம் போன்ற பழைய, மலிவான ஹோர்மோன் குளிசையின் துணைக்குத்தான் கொடுக்கப்படுகின்றன. பல்போசிக்லிப்பின் இந்தியக் காப்புரிமை 2023 ஜனவரியில் முடிந்ததும் அங்கே பல கம்பனிகள் அதைத் தயாரிக்கத் தொடங்கின, விலை மளமளவென்று இறங்கியது. மலையகத்துக் குடும்பம் ஒன்று இந்த மருந்தைப் பற்றி யோசிக்கவாவது முடிவது அதனால்தான்.

மூன்றும் ஒன்றுதான் என்று சொல்வதுண்டு. நோயை நிறுத்தி வைக்கும் காலத்தை மட்டும் பார்த்தால் அது சரி: லெட்ரோசோல் மட்டும் குடித்தவர்களுக்குப் பதினான்கு, பதினாறு மாதம், இவற்றில் ஒன்றைச் சேர்த்தால் இரண்டு வருடத்துக்கு மேல். ஆனால் ஆயுளைப் பார்த்தால் ஒன்றல்ல. பல்போசிக்லிப் சேர்த்தவர்கள் 53.9 மாதம், சேர்க்காதவர்கள் 51.2 மாதம், இந்த வித்தியாசத்தைத் தற்செயல் இல்லை என்று சொல்ல முடியவில்லை. ரைபோசிக்லிப்பில் 63.9 மாதத்துக்கு எதிராக 51.4 மாதம், ஒரு வருடத்துக்கு மேல் கூடிய ஆயுள், புள்ளிவிவரப்படியும் உறுதியானது. அபெமாசிக்லிப்பில் 66.8க்கு எதிராக 53.7, எண் பெரியது, ஆனாலும் உறுதியின் எல்லையைத் தொடவில்லை. எங்கள் தீர்ப்பு இது: முதல் மருந்தாகவே தொடங்குவது என்று முடிவாகி, விலையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ரைபோசிக்லிப். விலையில் பெரிய இடைவெளி இருந்தால் இந்தியப் பல்போசிக்லிப்பை வாங்கத் தயங்க வேண்டாம். ஆனால் அது ஆயுளைக் கூட்டும் என்ற எண்ணத்தில் காணியை விற்க வேண்டாம்.

முதலிலேயே தொடங்கத்தான் வேண்டுமா? மலையகத்துக் குடும்பத்துக்கு இதைவிட முக்கியமான கேள்வி இந்த விடயத்தில் வேறில்லை. நெதர்லாந்தில் சோனியா என்ற ஆய்வு இதையே நேராகக் கேட்டது. 1050 பெண்களில் ஒரு பாதிக்கு முதல் சிகிச்சையிலேயே இந்தக் குளிசை. மறு பாதிக்கு முதலில் ஹோர்மோன் குளிசை மட்டும், நோய் வளர்ந்த பிறகு ஃபுல்வெஸ்ட்ரன்ட் என்ற ஹோர்மோன் சிகிச்சை ஊசியுடன் இந்தக் குளிசை. இரண்டு சிகிச்சையும் முடிந்து நோய் மறுபடி வளரும் வரையான காலம் முதற்பாதிக்கு 31.0 மாதம், மறுபாதிக்கு 26.8 மாதம். அந்த இடைவெளி தற்செயலைத் தாண்டியதாக இல்லை. ஆயுளிலும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் குளிசை குடித்த காலம்? முதலில் தொடங்கியவர்கள் 24.6 மாதம், பிறகு தொடங்கியவர்கள் 8.1 மாதம். பெட்டிக் கணக்கில் 27க்கு 9. முதலிலேயே தொடங்கியவர்களுக்குப் பக்கவிளைவும் கூட. அமெரிக்க விலையில் ஆளுக்கு ஏறத்தாழ 2 லட்சம் டொலர் மேலதிகச் செலவு என்று அந்த ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா ஆனது. மாதம் 25 பேர் (நாள் வேலைப் பதிவு) விழுந்தாலும் அந்தக் கணக்கில் 33,750 ரூபா. அந்த வருமானத்தில் வாழும் வீட்டில் லெட்ரோசோலை மட்டும் ஒழுங்காகக் குடித்துக்கொண்டு, 9 பெட்டிக்கான பணத்தைப் பிறகு தேவைப்படும்போது பயன்படுத்துவது தாய்க்குச் செய்யும் துரோகம் அல்ல. இதைக் குடும்பத்தாரின் முகத்தைப் பார்த்து யாராவது சொல்லவேண்டும். கிளினிக்கில் நிபுணருக்குக் கிடைக்கும் சில நிமிடத்தில் இது பெரும்பாலும் சொல்லப்படாமலே போகிறது.

சோனியா எல்லாருக்கும் பொருந்தாது. அதில் பத்தில் ஒன்பது பேர் குடித்தது பல்போசிக்லிப். பெரும்பாலோர் மாதவிடாய் நின்றவர்கள். ஈரலிலும் நுரையீரலிலும் நோய் வேகமாகப் பரவுகிறது, மூச்சு வாங்குகிறது, மஞ்சள் காமாலை ஏறுகிறது என்றால் காத்திருக்கும் கதையே இல்லை. இளம் பெண்களுக்கு மொனலீசா-7 ஆய்வில் ரைபோசிக்லிப் ஆயுளை 48.0 மாதத்திலிருந்து 58.7 மாதமாக உயர்த்தியது, அவர்களிடம் முதலிலேயே கொடுப்பதற்கு நியாயம் வலுவானது. ஆனால் மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு இந்தக் குளிசைகளில் எதைக் கொடுப்பதற்கும் முன்னால் சூலகத்தை நிறுத்தவேண்டும். 28 நாளுக்கு ஒருமுறை 3.6 மில்லிகிராம் கோசரலின் ஊசி ஒரு வழி. அரசாங்க வைத்தியசாலையில் சிறு சத்திரசிகிச்சையால் சூலகங்களை எடுத்துவிடுவது இன்னொரு வழி. ஒரே தடவை, வருடத்துக்கு 13 ஊசியும் 13 பிரயாணமும் மிச்சம். இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவான பெண்ணுக்கு இந்தப் பட்டியலிலேயே மலிவான, பலன் நிச்சயமான சிகிச்சை அதுதான்.

வாங்கும்போதும் குடிக்கும்போதும்

முதல் மாதத்தில் ஒரு பெட்டிக்கு மேல் வாங்கக்கூடாது. விலைக்கழிவு கிடைக்கிறது என்று மூன்று பெட்டி எடுப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். காரணம், பல்போசிக்லிப்பில் வெள்ளை அணு குறைவது சர்வசாதாரணம். பலருக்கு 125 மில்லிகிராமிலிருந்து 100க்கோ 75க்கோ இறக்கவேண்டி வரும். ஒவ்வொரு அளவும் வெவ்வேறு பெட்டி. மூல நிறுவனம் மூன்று அளவுக்கும் ஒரே விலை வைத்தது. ஆகவே அளவைக் குறைத்தாலும் செலவு குறையாது, கையில் இருக்கும் 125 பெட்டிகள் வீண். ரைபோசிக்லிப்பில் நிலைமை வேறு. 200 மில்லிகிராம் குளிசை மூன்று சேர்ந்து 600. சுற்றுக்கு 63 குளிசை. 400க்கு இறக்கினால் 42 போதும். மீதி 21 அடுத்த சுற்றுக்கு உதவும். குளிசைக் கணக்கில் விற்கும் கடையில் மூன்றில் ஒரு பங்கு செலவு அங்கேயே குறைகிறது. அளவைக் குறைத்தால் மருந்து வேலை செய்யாது என்று பயந்து நிபுணரிடம் மன்றாடுபவர்கள் உண்டு; பல்போசிக்லிப் ஆய்வுகளில் அளவு குறைக்கப்பட்டவர்களுக்குப் பலன் குறைந்ததாகத் தெரியவில்லை.

ஒவ்வொரு சுற்றின் முதல் நாளும், முதல் இரண்டு சுற்றில் 15ஆம் நாளும் எஃப்.பி.சி. என்ற முழு இரத்தக்கல எண்ணிக்கை பார்க்கவேண்டும். வெள்ளை அணுவில் ஒரு வகையான நியூட்ரோபிலின் எண்ணிக்கை 1000க்குக் கீழே என்றால் புதுப் பெட்டி தொடங்கக்கூடாது. ஒரு வாரம் பொறுத்து மறுபடி பார்ப்பது வழக்கம். இதற்காகப் பொகவந்தலாவையிலிருந்து கண்டிக்குப் போய் ஒரு நாள் பேரை இழக்கத் தேவையில்லை. நிபுணரிடம் துண்டு ஒன்று எழுதி வாங்கிக்கொண்டால் டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலேயே இரத்தம் கொடுத்து, முடிவைத் தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பலாம். வெள்ளை அணு குறைந்து காய்ச்சலில் போய் முடிவது நூறில் இரண்டு பேர் அளவுக்குத்தான், கீமோவைவிட நன்றாகக் குறைவு. ஆனாலும் லயத்து (தோட்டத்து வரிசைக் குடியிருப்பு) வீட்டில் ஒரு வெப்பமானி கட்டாயம் இருக்கவேண்டும். 38 பாகை தாண்டினால் பனடோலைக் கொடுத்துப் படுக்கவைக்காமல் அன்றே, இரவானாலும், வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

ரைபோசிக்லிப்புக்கு ஈ.சி.ஜி. கூடுதல் வேலை. தொடங்கும் முன்னும் 14ஆம் நாளிலும் எடுத்து, கியூ.டி. இடைவெளியை (ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் மின்செயல் எடுக்கும் நேரம்) பார்க்கவேண்டும், ஈரல் பரிசோதனையும் சேர்ந்து வரும். குமட்டலுக்கு நாமாகப் பாமசியில் வாங்கிப் போடும் டொம்பெரிடோன் இதோடு சேரக்கூடாது, இதயத் துடிப்பைக் குழப்பும். பழைய ஹோர்மோன் சிகிச்சைக் குளிசையான தமொக்சிஃபனும் இதோடு சேராது. அபெமாசிக்லிப்பின் தொல்லை வயிற்றோட்டம். 150 மில்லிகிராம் நாளுக்கு இரண்டு தடவை, இடைவெளியே இல்லாமல் போகும். முதல் இளகிய மலத்துடனேயே வயிற்றோட்டத்தை அடக்கும் லொபெரமைட் குளிசை போடவேண்டும். கழிப்பறை லயத்துக்கு வெளியே தள்ளியிருக்கும் வீட்டில், மழை இரவில் நாலு தடவை எழுந்து போகவேண்டிய பெண்ணுக்கு இந்த மருந்தை எழுதுவதற்கு முன் அதையும் கேட்கவேண்டும்.

நாங்கள் அடிக்கடி காணும் பிழை ஒன்று. ஓய்வு வாரம் என்றதும் லெட்ரோசோலையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்துவது பெட்டிக் குளிசையை மட்டும். லெட்ரோசோல் ஒரு நாளும் தவறாமல் போகவேண்டும். இன்னொன்று, பெட்டியை இரண்டு மாதத்துக்கு இழுக்க ஒன்றுவிட்ட நாள் குடிப்பது. அப்படிக் குடித்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு தேவைக்குக் கீழே போய்விடும். பணமும் போகும், நோயும் நிற்காது. அதைவிட லெட்ரோசோலை மட்டும் குடிப்பது மேல். வாந்தி எடுத்தால் அன்று மறுபடி போடாமல் அடுத்த நாள் வழமையான நேரத்துக்குப் போடவேண்டும். ஜம்போலா (பம்பளிமாஸ்) வேண்டாம், கிரேப் ஃப்ரூட்டைப் போலவே அதிலுள்ள பொருளும் ஈரல் மருந்தை உடைப்பதைத் தடுத்து இரத்தத்தில் அளவை ஏற்றிவிடக்கூடும். வலிப்புக்குக் கார்பமசெபின் குடிப்பவராக இருந்தால் நேர்மாறு, மருந்து நிற்காமல் கரைந்துவிடும். இரண்டையும் நிபுணரிடம் முதலே சொல்லவேண்டும்.

இந்தக் குளிசைகள் கேட்காமல் போன பிறகு கொடுக்கும் எவரோலிமஸ் பற்றிச் சுருக்கமாக: எக்செமெஸ்டேன் என்ற ஹோர்மோன் சிகிச்சைக் குளிசையுடன் சேர்த்தால் நோய் நிற்கும் காலம் 2.8 மாதத்திலிருந்து 6.9 ஆகிறது, ஆயுள் கூடியதாக நிறுவப்படவில்லை. வாய்ப்புண்தான் இதன் மிகப் பொதுவான தொல்லை. டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் கரைசலை 10 மில்லிலீற்றர் எடுத்து, இரண்டு நிமிடம் கொப்பளித்துத் துப்புவதை நாளுக்கு நாலு தடவை, முதல் எட்டு வாரம் செய்தால் அந்தப் புண் பெருமளவு வராமலே போகும். இவ்வளவு சில்லறைச் செலவில் ஒரு விலைகூடிய மருந்தைக் காப்பாற்றும் வேறு வழி எங்களுக்குத் தெரியாது.

ஹெர்-2 உள்ளவர்களுக்கு

இங்கே முதல் செலவு மருந்துக்கு அல்ல, பரிசோதனைக்கு. வெட்டி எடுத்த சதைத்துண்டு 10 வீத ஃபோமலினில் குறைந்தது 6 மணித்தியாலம், கூடியது 72 மணித்தியாலம் இருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை எடுத்த துண்டு நீண்ட விடுமுறை கழிந்து கண்டிக்குப் போனால் அந்த எல்லை தாண்டிவிடும், ஏற்பி இருந்தும் இல்லை என்று அறிக்கை வரலாம். அறிக்கையில் ஹெர்-2 மதிப்பெண் 3+ என்றால் உண்டு. 2+ என்றால் இன்னும் தெரியாது என்றுதான் பொருள், மேற்கொண்டு ஃபிஷ் என்ற மரபணுப் பரிசோதனை வேண்டும். அந்தப் பரிசோதனையின் பணத்தை மிச்சம் பிடித்து மருந்தை ஊகத்தில் தொடங்குவது, கிணற்றைப் பார்க்காமல் வாளி வாங்குவதைப் போல.

ஹெர்-2ஐத் தாக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி புது மருந்தல்ல, ஆனால் எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான் தொடங்கும். கீமோவுடன் சேர்த்தபோது ஆயுள் 20.3 மாதத்திலிருந்து 25.1 மாதமாகக் கூடியது. 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. இந்தியாவில் 2013இலேயே அதன் ஒப்பு மருந்துக்கு (வேறு கம்பனி அதைப் போலவே செய்தது) அனுமதி கிடைத்தது, விலை இறங்கியது. அதிலும் வீண்போவது எங்கே என்று பாருங்கள். 50 கிலோ நிறையுள்ள பெண்ணுக்கு முதல் தடவை 400 மில்லிகிராம், பிறகு மூன்று வாரத்துக்கொருமுறை 300. குப்பி 440. ஒருவருக்கு ஒரு குப்பி உடைத்தால் 140 மில்லிகிராம் மிஞ்சும். மூன்று பெண்களை ஒரே நாளில் வரச்சொன்னால் தேவை 900, இரண்டு குப்பியில் 880. நூறில் இரண்டு பங்கு குறைவு, சிகிச்சைக்கு அது ஒரு பொருட்டே அல்ல. மூன்று குப்பி இரண்டானது.

கூட இருக்கும் கிருமித்தடுப்பு நீரில், 20 மில்லிலீற்றரில் கரைத்தால் குப்பி 2 முதல் 8 பாகையில் 28 நாள் நிற்கும். வெறும் ஊசி நீரில் கரைத்தால் அந்த வாய்ப்பு இல்லை. குலுக்கக்கூடாது, மெதுவாகச் சுழற்றி ஐந்து நிமிடம் விடவேண்டும். குலுக்கினால் நுரைத்து மருந்து கெடும். ஏற்றுவது 0.9 வீத சேலைனில் மட்டும், டெக்ஸ்ட்ரோசில் அல்ல. நுவரெலியாக் குளிரை நம்பிக் குப்பியை வீட்டு அலமாரியில் வைப்பவர்கள் உண்டு. அந்தக் குளிர் குளிர்சாதனப் பெட்டிக்கு ஈடாகாது, பகலில் 20 பாகைக்குப் போகும். இதயத்துக்கு எக்கோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அந்தச் செலவையும் மருந்து விலையோடு கூட்டிக்கொள்ளவேண்டும்.

இதோடு பெர்டுசுமாப் என்ற இன்னொரு ஹெர்-2 மருந்தைச் சேர்த்தால் ஆயுள் 40.8 மாதத்திலிருந்து 57.1 மாதமாகக் கூடியது. இவ்வளவு நல்ல பலன் தரும் மருந்து இங்கிலாந்தில் விலை-பயன் கணக்கில் சிக்கியது ஏன் தெரியுமா? அதை இலவசமாகக் கொடுத்தாலும் கணக்கு தேறாது என்ற நிலை வந்தது. பெண் கூடுதல் காலம் வாழும்போது அதோடு சேர்ந்து போகும் டிராஸ்டுசுமாப்பும் கூடுதல் காலம் போகிறது, அந்தச் செலவே எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஆகவே துணை மருந்து மலிவானால்தான் புது மருந்தும் எட்டும். ஒப்பு டிராஸ்டுசுமாப் வந்ததன் முழு அருமை அதில் தெரியும்.

டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெக்கான் இவை எல்லாவற்றிலும் வலிமையானது. பழைய மருந்தில் 6.8 மாதம் நின்ற நோய் இதில் 28.8 மாதம் நின்றது. ஹெர்-2 கொஞ்சமாக உள்ளவர்களுக்கும் ஆயுள் 16.8 மாதத்திலிருந்து 23.4 ஆனது. அப்படியிருந்தும் அந்த இரண்டாம் வகையினருக்கு அதை வாங்கிக் கொடுக்க இங்கிலாந்தின் மதிப்பீட்டு நிறுவனம் 2024இல் மறுத்தது, காரணம் விலை. பணக்கார நாடே தயங்கிய மருந்தைக் கடன் வாங்கி இரண்டு ஊசி போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. தொடங்கியவர்கள் வறட்டு இருமல், மூச்சுத் திணறல் வந்தால் தடிமன் என்று விடக்கூடாது, நுரையீரல் அழற்சி உயிருக்கு ஆபத்து.

மூன்று ஏற்பியும் இல்லாத வகைக்குப் பெம்ப்ரோலிசுமாப், சசிட்டுசுமாப் இரண்டும் உதவும், ஆனால் பெரும்பாலான வீடுகளின் கைக்கு எட்டாதவை. பெம்ப்ரோலிசுமாப், பி.டி.எல்.-1 என்ற புரதத்தின் மதிப்பெண் 10 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கு மட்டும் ஆயுளைக் கூட்டியது, அந்தப் பரிசோதனை இல்லாமல் தொடங்குவது பணத்தை ஆற்றில் போடுவது. வாராந்தப் பக்லிடக்செல், கப்பெசிட்டபின் என்ற பழைய கீமோவை ஒழுங்காக முடிப்பதே இங்கு முதல் படி.

பணமும் பையும்

தனியாரில் வாங்கும் முன் கண்டி தேசிய வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவிலோ பதுளையிலோ மகரகம புற்றுநோய் வைத்தியசாலையிலோ அந்த மருந்து இலவச வழங்கலில் இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேட்கவேண்டும். இல்லை என்றால் எப்போது வரும் என்றும் கேட்கவேண்டும். ஒரு மாதம் இல்லாதது அடுத்த மாதம் வருவதுண்டு. வெளியே வாங்குவதானால் அரசாங்க மருந்துக்கடையான ஒசுசலவில் விலை கேட்டுவிட்டு மற்றக் கடைக்குப் போங்கள். ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்க 2025 முதல் கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை, பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். ஊழியர் சேமலாப நிதியிலிருந்து மருத்துவச் செலவுக்கு 30 வீதம் வரை முன்கூட்டி எடுக்கும் ஏற்பாடும், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, இருக்கிறது.

நீலகிரியில் சொந்தம் உள்ளவர்கள் அங்கிருந்து பையில் கொண்டுவரச் சொல்வதுண்டு. விலை குறையும்தான். குளிசை என்றால் பெட்டி பிரிக்காமல், தொகுதி எண்ணும் காலாவதித் திகதியும் தெரிய, கடைச் சிட்டையோடு வரவேண்டும். நிபுணரிடம் காட்டாமல் தொடங்கக்கூடாது. ஃபுல்வெஸ்ட்ரன்டும் டிராஸ்டுசுமாப்பும் வேண்டவே வேண்டாம். பிரயாணத்தில் குளிர் விட்டுப்போன ஊசியைப் பார்வையில் கண்டுபிடிக்க முடியாது. இங்கே வாங்கினாலும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவானதா என்று கேட்பது உங்கள் உரிமை. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது இறக்குமதி மருந்தின் விலை என்ன ஆனது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 27 பெட்டிக் கணக்கில் அதற்கும் இடம் விடவேண்டும்.

எலும்புக்குப் பரவியவர்களுக்குக் கடைசியாக இரண்டு விடயம். எலும்பைக் காக்கும் ஊசியான சோலிட்ரோனிக் அசிட் 4 மில்லிகிராமை 4 வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவதும் 12 வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவதும் எலும்பு முறிவைத் தடுப்பதில் ஒன்றுதான் என்று 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. வருடத்துக்கு 13 தடவை போனவர் 4 தடவை போனால் போதும். அதைத் தொடங்கும் முன் பல்லைக் காட்டவேண்டும், ஆட்டம் கண்ட பல்லைப் பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். எலும்பு வலிக்கு ஒளிக்கதிர் கொடுக்கும்போது ஒரே நாளில் 8 கிரே (கதிரின் அளவு) கொடுப்பதும் பத்து நாளில் 30 கிரே கொடுப்பதும் வலியைக் குறைப்பதில் சமம். ஒரு தடவை கொடுத்தவர்களில் சிலருக்கு மறுபடி ஒரு தடவை தேவைப்படும், அவ்வளவுதான். மஸ்கெலியாவிலிருந்து கண்டிக்குப் பத்து நாள் போய்வருவதற்கும், தங்குவதற்கு இடம் தேடுவதற்கும் பதிலாக ஒரு நாள். ஒரே தடவையில் தர முடியுமா என்று நீங்களே கேளுங்கள்.